ஒப்பீட்டுக்கு ஓர் ஊர்

நல்ல காரியம் செய்கிறவர்கள் ஒரு வகை. செய்யவிடாமல் தடுக்கிறவர்கள் இன்னொரு வகை. இரண்டு வகையையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். தேர்தல் சமயத்தில் ஒரே மேடையில்கூடப் பார்த்திருக்கலாம். மூன்றாவதாக ஒரு வகை, ஐந்தாண்டுத் திட்டங்கள் வந்த பிறகு உண்டானது, இப்போதுதான் ஊர்ப்பக்கம் நடமாடத் தொடங்கியிருக்கிறது. அது நல்லதும் செய்யாது, கெட்டதும் செய்யாது. நல்லது நடக்கிற இடத்துக்குச் சற்றுத் தள்ளி, நிழல் பார்த்து நின்றுகொண்டு, நடந்தது நல்லதுதானா, நல்லது என்றால் எவ்வளவு, அவ்வளவு நல்லது தானாகவே நடந்திருக்காதா என்று யோசிக்கும். அதற்கு மதிப்பீட்டாளர் என்று பெயர்.

கண்டுகொள்வது சுலபம். ஒரு கிணற்றடிக்கு அவரை அழைத்துப் போங்கள். மற்றவர்கள் எட்டிப் பார்த்துத் தண்ணீர் இருக்கிறது என்பார்கள். அவர் எட்டிப் பார்க்க மாட்டார். "முன்னால் எவ்வளவு இருந்தது?" என்பார். குழந்தை பிறந்திருக்கிறது என்று சர்க்கரை நீட்டினால் வாயில் போட்டுக்கொண்டு, இலக்கு என்ன என்பார். வெயில் கடுமையாக இருக்கிறதே என்று பேச்சுக்குச் சொன்னால்கூட, திட்டவட்டமாகச் சொல்வதற்கில்லை என்று நெற்றியைத் துடைத்துக்கொள்வார். இதெல்லாம் சில்லறை. அவருடைய உண்மையான ஆயுதம் வேறு ஒரு கேள்வி. "இது இல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?"

இந்தக் கேள்வி பிடித்துக்கொண்டால் மனிதன் தேறுவது கஷ்டம். தனசேகரனைப் பாருங்கள். பொருளாதாரத்தில் எம்.ஏ. முடித்த கையோடு, வளர்ச்சித் திட்டங்களை மதிப்பிடும் மேற்பயிற்சி ஒன்றில் சென்னையில் சேர்ந்தான். சேரும்வரை சாதாரணப் பையன். தலை வலித்தால் மாத்திரை போட்டுக்கொள்வான், வலி போனால் சந்தோஷப்படுவான். சேர்ந்த பிறகு அந்தச் சந்தோஷம் போயிற்று. மாத்திரை போட்டேன், வலி போயிற்று, சரி. போடாமல் இருந்தாலும் போயிருக்காது என்று எப்படிச் சொல்வது? அதற்கும் அவனே வழி கண்டான். விடுதி அறையில் கூட இருந்த பெரியதம்பிக்கும் அவனுக்கும் ஒருநாள் சேர்ந்தே தலை வலித்தது. தனசேகரன் தான் ஒரு மாத்திரையை விழுங்கிவிட்டு, டப்பாவைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டு, பெரியதம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சாயங்காலத்துக்குள் தனசேகரனுக்கு வலி நின்றது. பெரியதம்பி வாந்தி எடுத்தான். மாத்திரையின் குணம் நிரூபணமாயிற்று. பெரியதம்பி வேறு அறைக்குப் போய்விட்டான்.

இந்த முறையைப் பாடமாகவே வைத்திருந்தார் அவர்களுடைய பேராசிரியர் சுந்தரமூர்த்தி. ஒன்றுபோல் இருக்கிற இரண்டு ஊர்களை எடுத்துக்கொள்ள வேண்டும். ஓர் ஊரில் திட்டம் நடக்கும். இன்னொன்றில் ஒன்றும் நடக்காது, நடக்கவும் கூடாது. பயிற்சி மாணவர்கள் இரண்டு ஊருக்கும் போய் விளைச்சலை அளப்பார்கள். முதல் ஊரின் நன்மையிலிருந்து இரண்டாவது ஊரின் நன்மையைக் கழித்தால் மிச்சம் நிற்பதுதான் திட்டத்தின் பலன். முதல் ஊருக்குத் திட்டக் கிராமம் என்று பெயர். இரண்டாவதற்கு ஒப்பீட்டுக் கிராமம். எந்த ஊர் எது என்பதைப் பேராசிரியர் சென்னையில் மின்விசிறிக்குக் கீழே சீட்டுக் குலுக்கிப் போட்டு முடிவு செய்தார். அதில் பாரபட்சம் கிடையாது. காற்றில் ஒரு சீட்டு மேஜைக்குக் கீழே பறந்தபோது அவரே குனிந்து எடுத்தார்.

அப்படித்தான் தனசேகரன் செஞ்சிக்கு வந்தான். கடைத்தெருவில் அரிசி மண்டிக்கு மேலே ஓர் அறை. ஜன்னலைத் திறந்தால் ராஜகிரிக் கோட்டை. வந்த முதல் நாள் அவன் அந்தக் கோட்டையை அண்ணாந்து பார்த்து, இது இல்லாமல் இருந்திருந்தால் இந்த ஊர் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தான். ஒப்பிட வேறு கோட்டை கிடைக்காததால் ஜன்னலைச் சாத்தினான்.

அந்தப் பக்கத்து மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. கடப்பாரை போட்டால் மேலே கொஞ்சம் மண் வரும், பிறகு பாறை. ஆகையால் கிணறு என்பது அங்கே பாறையின் மேல் வைத்த கிண்ணம் மாதிரி. பாறையில் துளை போட்டு, மருந்து கெட்டித்து வேட்டு வைத்து ஆழப்படுத்தினால் அடியில் ஊற்று கிடைக்கும். அதற்கு ஒரு கம்ப்ரசர் எந்திரம் வேண்டும். ஊராட்சி ஒன்றியத்தில் அப்படி ஒன்று இருந்தது. அதுதான் திட்டம். எந்திரத்தை ஓட்டுகிறவர் ஜகபர் அலி. குலுக்கலில் திட்டக் கிராமமாக வந்தது தளவானூர். ஒப்பீட்டுக் கிராமமாக வந்தது தொண்டூர்.

தங்கள் ஊரைச் சென்னைக்காரர்கள் தேர்ந்தெடுத்துவிட்டார்கள் என்ற செய்திதான் தொண்டூருக்கு முதலில் போய்ச் சேர்ந்தது. எதற்கு என்பது போய்ச் சேரவில்லை. தனசேகரன் பஸ்ஸிலிருந்து இறங்கியபோது மேளம் இல்லாத குறைதான். மாலை போட்டார்கள். ஊரில் பெரும்பாலும் சமணக் குடும்பங்கள். அதில் நேமிராஜ் நயினார் என்பவர் அவனைத் தம் வீட்டுக்குச் சாப்பிட அழைத்துப் போனார். பொழுது சாய்ந்தால் அவர்கள் வீட்டில் அடுப்பும் கிடையாது, சாப்பாடும் கிடையாது என்பதால் வெயில் இருக்கும்போதே இலை போட்டாயிற்று. துணியில் வடிகட்டிய தண்ணீர், வெங்காயம் இல்லாத கூட்டு, பொரியல், நெய். தனசேகரன் வெளிச்சத்தைப் பார்த்துப் பார்த்துச் சாப்பிட்டான். நேமிராஜ் விசிறிக்கொண்டே தம் கிணற்றைப் பற்றிச் சொன்னார். மல்லாட்டை போட்டிருக்கிறார், நிலக்கடலையை அந்தப் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். பயிர் நன்றாக எழும்பியிருக்கிறது. ஆனால் மாடு கட்டிக் கவலை ஓட்டி இறைத்தால் கொஞ்ச நேரத்திலேயே சால் போய்ப் பாறையில் இடிக்கிறது. பூ உதிர்ந்து விழுது மண்ணுக்குள் இறங்குகிற சமயத்தில் தண்ணீர் இல்லாவிட்டால் கொடியைப் பிடுங்கி மாட்டுக்குப் போடவேண்டியதுதான், காய் இருக்காது. எந்திரம் மட்டும் ஒரு தடவை வந்துபோனால் போதும்.

இலையில் மோர் ஊற்ற வந்த அவர் மனைவி தர்மவதி நேராகக் கேட்டாள்.

"மிஷினு எப்ப தம்பி வருது?"

"வராதும்மா."

"வராதா? அப்ப எங்க ஊர எதுக்கு செலக்ட் பண்ணீங்க?"

தனசேகரன் விளக்கினான். அவனிடம் ஒரு நல்ல குணம்: எதையும் மறைக்க மாட்டான். எல்லாவற்றையும் விளக்குவான். இரண்டு ஊர், ஒன்றில் உண்டு, ஒன்றில் இல்லை, கழித்தல், மிச்சம். தரையில் மோரைத் தொட்டு ஒரு கோடுகூடப் போட்டுக் காட்டினான். நேமிராஜின் கையில் விசிறி நின்றுவிட்டது.

"அப்ப நாங்க கெட்டுப்போறத பாக்கத்தான் வந்துக்கினு இருக்கீங்க" என்றாள் தர்மவதி.

"அப்படி இல்லைம்மா" என்றான் தனசேகரன், உண்மையாகவே மனம் நொந்து. "கெட்டாலும் பார்ப்போம். நல்லா இருந்தாலும் பார்ப்போம்."

ஒரு மதிப்பீட்டாளர் தன்னைப் பற்றி இதைவிடச் சரியாகச் சொல்லிவிட முடியுமா?

ஆனால் அது முழு உண்மை அல்ல என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. தொண்டூர் நன்றாக இருந்தால் தனசேகரனுக்குத் தாங்கவில்லை. ஊர்க்காரர் ஒருவர் சம்பந்தி வீட்டிலிருந்து ஆள் கொண்டுவந்து கடப்பாரையாலேயே பாறையைக் கொத்த ஆரம்பித்தார் என்று கேள்விப்பட்டுப் பதறி ஓடினான். அவர் இரண்டாம் நாள் முதுகு பிடித்துப் படுத்துவிட்டார் என்று தெரிந்த பிறகுதான் மூச்சு வந்தது. உடனே வெட்கப்பட்டு, அவருக்குத் தைலம் வாங்கிக் கொடுத்தான். கொடுத்த பிறகு, இது வெளி உதவியில் சேருமா என்று இன்னொரு கவலை. அந்த வருஷம் மழை ஏமாற்றிக்கொண்டிருந்தது. ஒரு சாயங்காலம் தொண்டூர் பக்கம் மட்டும் நாலு தூறல் விழுந்தது. மண்டி மாடியிலிருந்து அந்த மேகத்தை அவன் பார்த்த பார்வையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தளவானூருக்குப் போனால் அவன் ஓர் உறவினன் மாதிரி. வேட்டுச் சத்தம் கேட்டால் முகம் மலரும், ஊற்று வந்தால் அவனும் கைதட்டுவான். ஒரே மனிதன்தான். பஸ்தான் வேறு.

நேமிராஜின் மல்லாட்டைக் கொல்லையில் பூ பூத்தது. கிணற்றில் தண்ணீர் கலங்கியது. அந்தச் சமயம் பார்த்துத் தளவானூர் வேலை நினைத்ததற்கு முன்பே முடிந்துவிட்டது. அடுத்த ஆர்டர் வரும்வரை எந்திரத்துக்கு வேலை இல்லை. செய்தி எட்டியதுதான் தாமதம், நேமிராஜ் செஞ்சிக்கு வந்துவிட்டார். ஒன்றிய கமிஷனர் கலியபெருமாள் சுபாவத்தில் நல்லவர். கேட்டால் முடியாது என்று சொல்லத் தெரியாது, சொல்லாமல், கேட்டவரே மறந்துபோகும்வரை பொறுமையாக இருப்பார். அன்று என்னவோ சரி என்று சொல்லிவிட்டார். நேமிராஜ் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் டீக்கடையில் ஜகபர் அலிக்கு டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது, பின் பெஞ்சில் தனசேகரன் உட்கார்ந்திருந்தான்.

"காலைல தொண்டூருதான் நயினாரே. மிஷினு சும்மாத்தான கெடக்குது" என்றார் ஜகபர் அலி. "உங்க ஊர்ல கறி கெடைக்காதுன்றதுதான் ஒரே கொறை."

"நெய்யி ஊத்தறோம் பாய்."

"நெய்யி ஊத்தி இன்னாத்த? பொழுது போனா அதுவும் கெடையாது. ராப் பட்டினி."

இரண்டு பேரும் சிரித்தார்கள். தனசேகரன் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான்.

கமிஷனர் கலியபெருமாளிடம் தினமும் ஆட்கள் வருவார்கள். சாலை போடு, பாலம் கட்டு, வாத்தியாரை அனுப்பு, வாத்தியாரை மாற்று. அவர் உத்தியோகத்தில் முதல் தடவையாக ஒருவன் வந்து, ஐயா, செய்யாதீர்கள் என்று கெஞ்சினான். அவருக்குக் கண்ணில் நீர் வராத குறை. உட்காரச் சொன்னார், சோடா வரவழைத்தார். தனசேகரன் சொன்னான்: எந்திரம் தொண்டூருக்குப் போனால் ஒப்பீடு கெட்டுவிடும். ஒப்பீடு கெட்டால் தளவானூரில் செய்த வேலை பலன் தந்ததா என்று யாருக்கும் தெரியாமல் போய்விடும். பலன் தெரியாவிட்டால் மேலே இருக்கிறவர்கள் திட்டத்தையே நிறுத்திவிடலாம். அப்புறம் மாநிலத்தில் ஒரு கிணற்றுக்கும் எந்திரம் கிடையாது. ஆயிரக்கணக்கான விவசாயிகளின் நன்மைக்காக ஒரே ஓர் ஊர் அறுவடை வரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளக் கூடாதா?

கேட்கும்போது உங்களுக்கும் நியாயமாகத்தானே படுகிறது? அதுதான் இந்த இனத்தோடு உள்ள தொல்லை. அவர்கள் சொல்வதில் தப்புக் கண்டுபிடிக்க முடியாது. கமிஷனராலும் முடியவில்லை, அவர் தேடவும் இல்லை. செய்யாமல் இருப்பதற்கு விஞ்ஞானக் காரணம் ஒன்று கிடைத்த நிம்மதியில் சோடாவை அவரே குடித்தார்.

காலையில் எந்திரம் வரவில்லை. மறுநாளும் வராமல் போகவே நேமிராஜ் ஒன்றிய அலுவலகத்துக்கு வந்தார். வேப்ப மரத்தடியில் எந்திரம் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நின்றது. அதன் நிழலில் ஜகபர் அலி துண்டை விரித்துப் படுத்திருந்தார். உள்ளே கமிஷனருக்கு எதிரில் தனசேகரன். நேமிராஜ் சண்டைக்காரர் அல்ல. பேரம் பேசத் தெரிந்தவர்.

"எத்தினி நாளைக்கு சார் இப்படி?"

"அறுவடை வரைக்கும்தான்."

"அறுவடைக்கித்தான சார் தண்ணியே கேக்கறேன்."

தனசேகரன் மறுபடி விளக்கினான். நேமிராஜ் பொறுமையாகக் கேட்டுத் தலையாட்டினார். பிறகு நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஒண்ணுமில்லாத ஊரு ஒண்ணு வேணும், அவ்ளோதான உங்களுக்கு? எங்கள வுட்டுடுங்க. மண்டகப்பட்டு இருக்குது. அத்த வெச்சிக்கங்க. எங்கள வுட மோசம் சார் அது. பாத்தீங்கன்னா உங்களுக்கே புடிச்சிப் போவும்."

இப்படித்தான் அவர் கஷ்டத்தைப் பக்கத்து ஊருக்குத் தள்ளப் பார்த்தார். அவரும் மனிதர்தானே? தனசேகரன் வருத்தத்தோடு மறுத்தான். நடுவில் ஊரை மாற்ற முடியாது. மண்டகப்பட்டு இந்த ஆய்விலேயே இல்லை. அது திட்டக் கிராமமும் இல்லை, ஒப்பீட்டுக் கிராமமும் இல்லை. சும்மா கிராமம்.

"சும்மா கிராமமா?" என்று அவ்வளவு நேரம் பேசாமல் இருந்த கமிஷனர் கேட்டார்.

"ஆமாம் சார். அங்கே என்ன நடந்தாலும் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை."

கமிஷனர் மணியை அடித்தார். எந்திரம் வாசலில் சும்மா நிற்பதை மேலதிகாரி யாராவது பார்த்துவிடுவாரோ என்ற பயம் அவருக்குத் தலைக்கு மேல் இருந்தது. தொண்டூருக்கு அனுப்பினால் ஆய்வு கெடும். அனுப்பாவிட்டால் எந்திரம் துருப்பிடிக்கும். இதோ, மேலதிகாரியும் தனசேகரனும் குறை சொல்ல முடியாத ஓர் ஊர். நேமிராஜ் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தபோது ஜகபர் அலி தார்ப்பாயை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க பாய்?"

"மண்டகப்பட்டாம்" என்றார் ஜகபர் அலி, அவர் முகத்தைப் பார்க்காமல். "யார் சொன்னதோ தெரியல."

தொண்டூரில் விழுது மண்ணைத் தேடி இறங்கியது. மண் அதற்குள் ஓடாகியிருந்தது. நேமிராஜும் தர்மவதியும் குடத்தில் மொண்டு ஊற்றிப் பார்த்தார்கள். தனசேகரன் வரப்பில் நின்று அதையும் கவனித்துக்கொண்டான். குடம் வெளி உதவி அல்ல, அனுமதிக்கலாம். அறுவடை சமயத்தில் தளவானூர்க் கொடியைப் பிடுங்கினால் வேரோடு மண்ணும் காயுமாகக் கொத்துக் கொத்தாக வந்தது. நேமிராஜின் கொல்லையில் கொடி லேசாக, சத்தமில்லாமல் வந்தது. மாடுகள் சாப்பிட்டன.

தனசேகரன் கழித்துப் பார்த்தான், நம்பாமல் இன்னொரு தடவையும் கழித்துப் பார்த்தான். அவ்வளவு பெரிய வித்தியாசத்தை அவன் பேராசிரியரே பார்த்ததில்லை. தொண்டூர் மட்டும் கொஞ்சம் நன்றாக இருந்திருந்தால் திட்டம் சுமாரானது என்றுதான் எழுத வேண்டியிருக்கும். தொண்டூர் கைவிடவில்லை. திட்டம் மகத்தான வெற்றி என்று அறிக்கை தயாராயிற்று. தனசேகரனுக்கு முதல் வகுப்பு கிடைத்தது. அறிக்கையின் கடைசியில் தொண்டூர் மக்களின் ஒத்துழைப்புக்கு நன்றி சொல்லியிருந்தது. அதற்கு மேலே பரிந்துரை: பலன் நிரூபிக்கப்பட்ட ஊர்களில் திட்டத்தைத் தொடரலாம். தொண்டூரில் பலன் நிரூபிக்கப்படவில்லை அல்லவா? தவிரவும், இவ்வளவு நல்ல ஒப்பீட்டுக் கிராமத்தை இழப்பது விவேகம் அல்ல என்று பேராசிரியர் கருதினார். அடுத்த வருஷப் பயிற்சிக்கும் அது அப்படியே இருக்கட்டும் என்றார்.

தனசேகரன் கல் நெஞ்சுக்காரன் அல்ல. ஊருக்குப் புறப்படுமுன் சொல்லிக்கொண்டு போக நினைத்தபோது, தளவானூரைவிடத் தொண்டூரிடம்தான் தனக்கு நன்றி அதிகம் என்று தோன்றியது. கடைத்தெருவில் அல்வா வாங்கிக்கொண்டு கிளம்பினான். பஸ் வழியில் மக்கர் செய்தது. நேமிராஜ் வீட்டை அடைந்தபோது பொழுது சாய்ந்து அடுப்பு அணைந்திருந்தது.

பொட்டலத்தை நீட்டினான். தர்மவதி வாங்கி மாடத்தில் வைத்தாள்.

"பொழுது பூட்ச்சி தம்பி. இனிமே வாயில வெக்க மாட்டோம்."

அடுத்த வருஷமும் வேறு பையன் ஒருவன் வருவான் என்று அவன் சொன்னான். நேமிராஜ் வாசலில் கட்டியிருந்த மாட்டுக்குக் கொடியை உதறிப் போட்டுக்கொண்டிருந்தார். தர்மவதி கதவு நிலையில் சாய்ந்துகொண்டு, வம்பு பேசும் குரலில்தான் கேட்டாள்.

"ஏன் தம்பி, எல்லாரையும் ஒண்ணு கேப்பியே நீ. நீங்க இந்த ஊருக்கு வராமயே இருந்திருந்தா இன்னா ஆயிருக்கும்?"

தனசேகரன் வாயைத் திறந்தான். கேள்வி சரியாகவே போடப்பட்டிருந்தது. பழக்கதோஷம், மனம் தானாக வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது.

"திட்டவட்டமாகச் சொல்வதற்கில்லை அம்மா" என்றான். "அதைச் சொல்லவேண்டும் என்றால் ஒப்பிட்டுப் பார்க்க இன்னோர் ஊர் வேண்டும். இதே மாதிரி ஊர். இதே மண், இதே மழை. ஆனால் நாங்கள் யாரும் காலெடுத்து வைக்காத ஊராக இருக்க வேண்டும்."

"மண்டகப்பட்டு" என்றார் நேமிராஜ், மாட்டைப் பார்த்துக்கொண்டே. "மூட்ட வெக்க எடம் இல்லியாம்."

தனசேகரன் கடைசி பஸ்ஸைப் பிடித்துச் செஞ்சிக்குத் திரும்பினான். பஸ்ஸில் உட்கார்ந்தபடி இந்த விஷயத்தைத் தீர யோசித்தான். மண்டகப்பட்டில் விளைந்ததை யாரும் அளக்கவில்லை என்பது நினைவுக்கு வந்ததும் சமாதானமாயிற்று. அளக்காததை விளைந்தது என்று எப்படிச் சொல்வது? இப்போது அவன் பெரிய உத்தியோகத்தில் இருக்கிறான். பல ஜில்லாக்களுக்கு ஒப்பீட்டுக் கிராமம் குறிக்கிற பொறுப்பு அவனுடையது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. நீங்கள் எம்.ஏ. படிக்கவில்லை, கம்ப்ரசர் எந்திரத்தைக் கண்ணால் பார்த்ததில்லை, எந்த ஊருக்கும் தண்ணீரை நிறுத்தியதில்லை. இருந்தாலும் ஒரு விஷயம். உங்களோடு ஒரே பெஞ்சில் படித்த ஒருவர், அல்லது ஒரு பங்காளி, பழைய வீட்டிலேயே இருப்பாரே? நீங்கள் ரேடியோ வாங்கியபோது அவர் ஞாபகம் வந்தது. உங்கள் மகன் பாஸ் செய்தபோதும் முதலில் அவர் ஞாபகம்தான் வந்தது. பார்க்கும்போதெல்லாம் அவர் தோளில் கைபோட்டு, உண்மையான அன்போடு, எப்படி இருக்கிறாய் என்று கேட்கிறீர்கள். அவர் எப்போதும்போல, ஏதோ இருக்கிறேன் என்கிறார். உங்களுக்கு நிறைவாக இருக்கிறது.

போன மாதம் அவர், நன்றாக இருக்கிறேன் என்றாரே, அன்று இரவு ஏன் உங்களுக்குச் சாப்பாடு இறங்கவில்லை?